பத்துக்குப் பத்து அறையில் பேஸ் எங்கே போகிறது?

ஒரு சின்னச் சோதனை. போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, வீட்டில் இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கரோடு இணையுங்கள். ஸ்பீக்கரைச் சுவரோரம் வைத்து, 57 ஹெர்ட்ஸ் என்று எண்ணைக் கொடுத்து ஒலிக்கவிடுங்கள். காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரிகிற ஒரு முனகல் எழும். இப்போது எழுந்து அறைக்குள் நடங்கள். சுவரை நெருங்க நெருங்க முனகல் பெருக்கும். மூலையில் போய் நின்றால் யாரோ வால்யூமைக் கூட்டியதுபோல் இருக்கும். அப்படியே திரும்பி அறையின் நடுவுக்கு வாருங்கள். ஒலி தேய்ந்து, ஓரிடத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். ஸ்பீக்கரில் கை வைத்துப் பார்த்தால் அது அதே வேகத்தில் அதிர்ந்துகொண்டிருக்கும்.

உங்கள் அறை பத்துக்குப் பத்து என்றால் இது 57 ஹெர்ட்ஸில் நடக்கும். வேறு அளவென்றால் எண் மாறும். அதற்கான கணக்கு ஒரு வரிதான், அடுத்து வருகிறது. வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்ய ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் வாங்க நினைக்கிறவர், கடை வாசலை மிதிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. ஏனென்றால் அவர் கேட்கப்போவது ஸ்பீக்கரை மட்டும் அன்று. ஸ்பீக்கர், அறை, காது மூன்றும் சேர்ந்து வாசிக்கிற கச்சேரியை. அதில் அட்டைப் பெட்டிக்குள் வருவது ஒன்றுதான்.

ஆரத்தித் தட்டின் நடு

தளும்பத் தளும்ப நீர் நிறைந்த ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும், நீர் சிந்துவது விளிம்பில்தான். ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்க, நடுவில் மட்டம் மட்டும் அசையாமல் கிடக்கும். அறைக்குள் காற்றழுத்தம் செய்வதும் இதையேதான். ஒலி ஒரு சுவரில் மோதித் திரும்பி, எதிர்ச்சுவரில் மோதி, தன்னோடு தானே சேர்கிறது. அலைநீளத்தில் பாதி, அறையின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டால் அலை அங்கேயே நின்றுவிடுகிறது. அழுத்தம் இரண்டு சுவர்களிலும் உச்சத்தில் ஏறி இறங்கும். நடுவில் ஏறவும் இறங்கவும் ஒன்றும் இருக்காது.

நம் வீட்டுச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி போகிறது. அதில் பாதி 565. உங்கள் அறையின் நீளத்தை அடியில் அளந்து, 565-ஐ அதனால் வகுத்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். 12 அடிக்கு 47. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் தனித்தனியே போட வேண்டிய கணக்கு இது. பத்துக்குப் பத்து அறையின் கூரையும் 10 அடி உயரத்தில் இருந்தால், மூன்று கணக்குக்கும் ஒரே விடை. மூன்று திசைகளிலும் ஒரே சுரம் நின்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. ஒலிப்பொறியாளர்கள் கனசதுர அறையைக் கண்டாலே முகம் சுளிப்பது இதனால்தான்.

இசையில் இது என்ன செய்யும்? பேஸ் கிட்டாரின் ‘ஏ’ கம்பியைச் சும்மா மீட்டினால் எழுவது 55 ஹெர்ட்ஸ். அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு அந்த அடிச்சுரம் ஏறக்குறைய கேட்காது. அதன் இரட்டிப்பான 110 ஹெர்ட்ஸுக்கோ நிலைமை தலைகீழ். இரட்டை அதிர்வெண்ணில் நிற்கும் அலைக்குச் சுவர்களில் இருப்பதுபோல நடுவிலும் ஓர் உச்சம் உண்டு. அது தூக்கலாகக் கேட்கும். ஒரே கம்பியின் ஒரே மீட்டலில் கீழ்ப்பாதி காணாமல் போய், மேல்பாதி வீங்கி நிற்கிறது. மிக்ஸ் செய்கிறவர் “பேஸில் கனமே இல்லையே” என்று அடிச்சுரத்தைக் கூட்டுகிறார். கூட்டியும் போதவில்லை, இன்னும் கூட்டுகிறார். மறுநாள் நண்பரின் காரில் அதே பாட்டைப் போட்டால் கதவெல்லாம் அதிர்கிறது, பாடகர் குரல் எங்கோ புதைந்து கிடக்கிறது.

“ஸ்பீக்கர் சரியில்லை, இன்னும் பெரிசா வாங்கணும்” என்பதுதான் இந்த இடத்தில் எல்லாருக்கும் தோன்றும் முடிவு. 5 அங்குலக் கூம்புள்ளதைக் கொடுத்துவிட்டு 8 அங்குலம் வாங்குகிறார். இப்போது மூலைகள் இன்னும் பலமாக முழங்குகின்றன. நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே வெறுமை.

யாருக்கும் பிடிக்காத ஸ்பீக்கர்

1978-இல் யமஹா நிறுவனம் என்எஸ்-10எம் என்ற சிறிய ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் அகிரா நகமுரா. கறுப்புப் பெட்டி, வெள்ளைவெளேரென்ற காகிதக் கூம்பு. வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பேஸ் மெலிந்திருந்தது, குரலும் கிட்டாரும் குடியிருக்கும் நடுப்பகுதி முகத்தில் அறைவதுபோல் தூக்கிக்கொண்டு நின்றது. ஹைஃபை விமர்சகர்கள் ஒதுக்கித் தள்ளினார்கள்.

ஸ்டூடியோக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மிக்சிங் மேசைமேல் வைத்தார்கள். இதில் கேட்கும்படி ஒரு மிக்ஸைத் தேற்றிவிட்டால், வேறு எதில் போட்டாலும் அது நன்றாகவே ஒலிக்கும் என்ற பேச்சு பரவியது. உச்ச ஒலிகள் காதைக் குத்துகின்றன என்று சிலர் அவற்றை எழுப்பும் ட்வீட்டர் மேல் டிஷ்யூ காகிதத்தை ஒட்டிக்கொண்டார்கள். அமெரிக்க மிக்சிங் பொறியாளர் பாப் கிளியர்மவுண்டன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழக்கம் அது. 1987-இல் யமஹாவே ட்வீட்டரைத் திருத்தி, ஸ்டூடியோக்களுக்கென்று தனி வடிவம் வெளியிட்டது. 2001-இல் உற்பத்தி நின்றது. அதற்குள் உலகெங்கும் ஸ்டூடியோப் படங்களில் அந்த வெள்ளைக் கூம்பு தவறாமல் இடம்பிடித்துவிட்டது.

வெறும் பழக்கத்தால் வந்த மவுசா இது? 2001-இல் பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் முதலியோர் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதை வேறு பல மானிட்டர்களோடு அளந்து பார்த்தார்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று கீறிய கோட்டில் என்எஸ்-10 பெருமைப்பட ஒன்றும் இல்லை. இன்னோர் அளவில் அது முன்னணியில் நின்றது. ஒலி நின்றதும் அதுவும் நின்றது.

சோடா பாட்டிலும் ஊஞ்சலும்

ஸ்பீக்கர் கூம்புக்குப் பாடத் தொடங்குவது எளிது, நிறுத்துவதுதான் பாடு. ஊஞ்சலைத் தள்ளுவதை நிறுத்திய பிறகும் அது ஆடிக்கொண்டிருப்பதுபோல, மின்சாரம் நின்ற பிறகும் கூம்பும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் கொஞ்ச நேரம் ஆடும். கிக் டிரம்மின் ‘தொம்’ எங்கே முடிகிறது, பேஸ் கிட்டார் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியவருக்கு இந்த மிச்ச ஆட்டம் பெரும் தொல்லை.

என்எஸ்-10-இன் பெட்டி முழுக்க மூடியது. உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங்போலக் கூம்பை இழுத்துப் பிடிக்கிறது. இன்று கடையில் கிடைக்கும் சிறு மானிட்டர்கள் பெரும்பாலானவற்றில் முன்புறமோ பின்புறமோ ஒரு குழாய்த் துளை இருக்கும். போர்ட் என்பார்கள். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரு சுரம் வருமே, அதே தத்துவம்தான். குழாயில் உள்ள காற்று எடையாகவும் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்காகவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுரத்தில் பாடும். கூம்பு திணறுகிற இடத்தில் அந்தச் சுரம் கைகொடுப்பதால், சின்னப் பெட்டியிலிருந்து பெரிய பேஸ் வருகிறது.

இதற்கு இரண்டு விலை உண்டு. பாட்டில் பாடத் தொடங்கினால் உடனே நிறுத்தாது. அதோடு, அந்தச் சுரத்துக்குக் கீழே ஒலி சரியும் வேகம் இரட்டிப்பாகிறது. மூடிய பெட்டியில் அதிர்வெண் பாதியாகும்போது 12 டெசிபெல் குறையும். போர்ட் வைத்த பெட்டியில் 24. நன்றாகச் செய்யப்பட்ட போர்ட் மானிட்டர்கள் எத்தனையோ இருக்கின்றன, எனவே துளையைப் பார்த்ததும் ஒதுங்க வேண்டியதில்லை. கடையில் கேட்கும்போது பேஸ் எவ்வளவு வருகிறது என்பதோடு, எவ்வளவு சுத்தமாக நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். கிக் டிரம் தனியாக வரும் பாட்டு இதற்குத் தோது.

அட்டையில் அச்சிட்டது

விவரக்குறிப்பில் எல்லாரும் முதலில் தேடுவது “எவ்வளவு கீழே போகும்” என்ற எண்ணை. யமஹாவின் எச்எஸ்5-ஐ எடுத்துக்கொள்வோம். என்எஸ்-10-இன் வெள்ளைக் கூம்பை வாரிசுரிமையாகச் சூடிய 5 அங்குல மானிட்டர். அதற்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று 54 ஹெர்ட்ஸ், இன்னொன்று 74. இரண்டும் உண்மை. 54 ஹெர்ட்ஸில் ஒலி 10 டெசிபெல் குறைந்துவிட்டிருக்கும், அதாவது ஆற்றல் பத்தில் ஒரு பங்கு. 74 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல்தான் குறைவு, அதாவது பாதி ஆற்றல். ஒரு ஸ்பீக்கரின் முதல் வகை எண்ணையும் வேறொன்றின் இரண்டாம் வகை எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, ஒரு கடையில் கிலோ விலையையும் மறு கடையில் படி விலையையும் ஒப்பிடுவதுபோல. பக்கத்தில் எத்தனை டெசிபெல் என்று போடாத எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சின்னக் கூம்பு ஏன் கீழே போகத் திணறுகிறது? அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 100 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் ஆடியது 50-இல் 2 மில்லிமீட்டர் ஆட வேண்டும், 25-இல் 8. அதற்குள் அதன் எல்லை வந்துவிடும். அகன்ற கூம்பு கொஞ்சம் ஆடினாலே அதே அளவு காற்றைத் தள்ளிவிடுகிறது. 8 அங்குலத்தின் மெய்யான அனுகூலம் அதுதான்.

வாட் எண்ணுக்கு மயங்க வேண்டாம். எச்எஸ்5-இல் 70 வாட், அதன் 8 அங்குல அண்ணன் எச்எஸ்8-இல் 120. இந்த வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் 2 டெசிபெலுக்குச் சற்று மேல். காது உற்றுக் கேட்டால் உணரும். சத்தம் இரண்டு மடங்கானதாகத் தோன்ற ஆற்றல் பத்து மடங்கு வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு இரண்டுமே மிதமிஞ்சிய சத்தம்.

அட்டையில் பெரும்பாலும் அச்சிடாத ஒன்று இவற்றையெல்லாம்விட முக்கியம். ஸ்பீக்கர் நேரே உங்களைப் பார்த்து மட்டும் பாடுவதில்லை. பக்கவாட்டில் போகும் ஒலி சுவரில் பட்டு, சில மில்லி நொடிகள் தாமதித்து, அதுவும் உங்கள் காதுக்கே வருகிறது. ஃபிளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துப் பலரைக் கேட்கவிட்டுச் சோதித்தார். மக்கள் விரும்பியவை நேரே சமனாகப் பாடியவை. பக்கவாட்டிலும் அதே குணத்தோடு, படிப்படியாக மட்டும் மங்கியவை. கடையில் இதற்குக் கருவி வேண்டாம். ஒருவர் பேசும் பதிவைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரின் நேரெதிரிலிருந்து மெல்லப் பக்கவாட்டில் நகருங்கள். குரல் மங்கலாம். வேறு ஆளின் குரலாக மாறக் கூடாது.

திரை எதற்கு என்றால், கண் பொய் சொல்லும். டூலோடு பின்னர் பணியாற்றிய ஷான் ஆலிவ் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்களை அதே ஆட்கள் பார்த்துக்கொண்டே கேட்டபோது கொடுத்த மதிப்பெண்ணும் பார்க்காமல் கொடுத்த மதிப்பெண்ணும் மாறிப்போயின. எனவே கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருப்பது சத்தமாகத் தெரியாது. “நல்லா இருக்கே” என்று மட்டும் தோன்றும்.

காதும் ஒரு வடிகட்டி

1933-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும், எல்லா அதிர்வெண்களும் ஒரே சத்தமாகத் தோன்ற எவ்வளவு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அளந்தார்கள். இன்றைய சர்வதேசத் தர அளவுப்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை 40 டெசிபெலில் மெல்ல ஒலிக்கவிட்டால், அதே சத்தமாகத் தோன்ற 50 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 78 டெசிபெல் வேண்டும். வால்யூம் ஏற ஏற இந்த இடைவெளி சுருங்குகிறது. ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் எல்லாரும் தூங்கும்போது மெல்ல வைத்து மிக்ஸ் செய்த பாட்டில், காலையில் பேஸ் மிதமிஞ்சிக் கிடப்பதற்கு இதுவே காரணம். அதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்ல முடியாது.

மருந்து எளிது. 75 முதல் 80 டெசிபெலுக்குள் ஓர் அளவைத் தேர்ந்து, வால்யூம் திருகியில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தீர்மானங்களை அந்தக் கோட்டில் மட்டும் எடுங்கள். செவிக்கும் நல்லது, 85 டெசிபெலில் 8 மணி நேரம் என்பது தொழிற்கூடங்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது.

நம்மூர்ச் சுவர்கள்

ஸ்டூடியோ அமைப்பதைப் பற்றிய ஆங்கில நூல்கள் பலவும் அமெரிக்க வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே உட்சுவர் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. பேஸ் வந்து மோதினால் பலகை லேசாக வளைந்து கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தை அடுத்த அறைக்கு விட்டுவிடும். நம் வீட்டில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. எதுவும் வளையாது. உள்ளே போன பேஸ் உள்ளேயே உருண்டுகொண்டிருக்கும்.

முட்டை அட்டையை ஒட்டுவது இதற்குப் பரிகாரம் ஆகாது. ஓர் அங்குல ஃபோமும் அப்படியே. பஞ்சுபோன்ற பொருள் ஒலியை விழுங்குவது, காற்று அசையும் இடத்தில்தான். சுவரை ஒட்டிக் காற்று அசைவதே இல்லை. 57 ஹெர்ட்ஸுக்குக் காற்று நன்றாக அசையும் இடம் சுவரிலிருந்து 5 அடி தள்ளி இருக்கிறது. ஓர் அங்குலத்தில் சிக்குவது உச்ச ஒலிகள் மட்டுமே. அறை மந்தமாகிவிடும், முழக்கம் அப்படியே இருக்கும். நான்கு அங்குலமோ அதற்கு மேலோ தடித்த ராக்வூல் (பாறைப் பஞ்சு) பலகைகளைத் துணி போர்த்தி, சுவரிலிருந்து சற்று விலக்கி, மூலைகளில் நிறுத்துவது வேலை செய்யும். எல்லா நிலையலைகளுக்கும் மூலையே உச்சம். அவற்றைக் கூடுமானவரை பிடிக்க அதுவே தோதான இடம். ராக்வூல் கைக்கு எட்டும்வரை, மூலையில் நிறுத்திய தடித்த இலவம்பஞ்சு மெத்தைகூடக் கொஞ்சம் உதவும்.

காசு செலவில்லாத மருந்து, நாற்காலியை நகர்த்துவது. அறையின் நடுவை விட்டு விலகுங்கள். நீள அறையானால் ஸ்பீக்கர்கள் நீளவாக்கில் பார்க்கட்டும். முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 சதவீதம் தள்ளி உட்காருவதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்வது வழக்கம். 12 அடி அறையில் அது சுமார் நாலரை அடி. அங்கிருந்து அரையடி முன்னும் பின்னும் நகர்ந்து, எங்கே பேஸ் சமனாகிறது என்று காதால் தேடுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமையட்டும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான், அது டார்ச் வெளிச்சம்போல நேரே போகும்.

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவரிலும் ஒரு பொறி இருக்கிறது. கூம்பிலிருந்து சுவர் ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அளவில் நேர் ஒலியோடு மோதி இரண்டும் அழியும். சுவருக்கு மிக அருகே தள்ளிவிட்டால் அந்தப் பள்ளம் மேலே போய்ச் சற்று மென்மையாகும்; பதிலுக்கு அடி பேஸ் வீங்கும். சில மானிட்டர்களின் முதுகில் 0, −2, −4 என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அது இந்த வீக்கத்தைக் குறைக்கத்தான். அறையின் வீக்கங்களை, அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ வைத்துக் குறைக்கலாம். பள்ளங்களை அப்படி நிரப்ப முடியாது. எவ்வளவு கூடுதலாக ஊற்றினாலும், அழிக்க வரும் அலையும் அதே அளவு கூடிக்கொண்டு வரும்.

எதை வாங்குவது?

இப்போது விடை தானாகவே வந்து நிற்கிறது. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அறைகளில், மூலைகளைக் கவனிக்க வசதி இல்லாத நிலையில், 5 அங்குல மானிட்டரே நேர்மையானது. தனக்குத் தெரியாத கீழ் ஒலிகளைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. 8 அங்குலம் அதே அறையில் 50 ஹெர்ட்ஸைப் பற்றி உரக்கச் சாட்சி சொல்லும், அந்தச் சாட்சியில் பாதி அறை கற்பித்தது. 8 அங்குலத்துக்கு வைத்திருந்த பணத்தில் 5 அங்குலம் வாங்கி, மிச்சத்தை ராக்வூலுக்கும், மேசை அதிராதபடி ஒரு ஜோடி ஸ்டாண்டுக்கும், ஒரு நல்ல ஹெட்போனுக்கும் போடுங்கள். 50 ஹெர்ட்ஸில் என்ன நடக்கிறது என்பதை ஹெட்போனில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு அறையே கிடையாது. அறை பெரிதாகி, மூலைகளில் தடித்த பலகைகள் நின்ற பிறகு, 7 அங்குலமும் 8 அங்குலமும் தங்கள் திறமையைக் காட்டட்டும்.

வாங்கி வந்த முதல் வாரம் எதையும் மிக்ஸ் செய்யாதீர்கள். நெடுநாளாகக் கேட்டு மனத்தில் தங்கிவிட்ட பத்துப் பாட்டுகளை, கோடு போட்ட வால்யூமில், ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். எந்தப் பாட்டில் பேஸ் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த அறையும் இந்த ஸ்பீக்கரும் சேர்ந்து அதை எப்படிச் சொல்கின்றன என்பதைக் காது குறித்துக்கொள்ளும். குறையுள்ள என்எஸ்-10-ஐ வைத்துக்கொண்டு அத்தனை பேர் நல்ல பாட்டுகளைச் செய்ய முடிந்ததில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. குறை எங்கே என்று தெரிந்துவிட்டால், அதைக் கழித்துவிட்டுக் கேட்கக் காது கற்றுக்கொள்கிறது.

பிறகும் பேஸில் சந்தேகம் வந்தால், திருகியைத் தொடும் முன் நாற்காலியை விட்டு எழுந்து மூலைக்குப் போய் நின்று கேளுங்கள். நடுவில் தொலைந்தது அங்கே நின்றுகொண்டிருக்கும்.